நார்தர்ன் லைட்ஸ் பார்க்க குளிர்காலக் கப்பல் பயணம்: யாரும் துணியாத இருட்டில் கப்பலை ஓட்டிய ரிச்சர்ட் வித் யார்?

டிசம்பர், ஜனவரி வந்தாலே நம்ம போனில் அந்த வீடியோ வந்துவிடும். கறுத்த வானத்தில் பச்சைத் துணியை யாரோ உதறுவது போல ஒளி ஆடும். கீழே ஒரு கப்பல், அதன் மேல்தளத்தில் கம்பளிக்குள் சுருண்டு நிற்கும் மனிதர்கள். நார்வே கடற்கரையை ஒட்டி 12 நாள் கப்பல் பயணம், வடதுருவ ஒளி பார்க்கலாம் என்று கீழே விளம்பரம் ஓடும்.

அந்தக் கப்பல் பயணம் ஒளி பார்ப்பதற்காகத் தொடங்கியது அல்ல. தபால் கொண்டுபோக, மீன் ஏற்றிவர, நோயாளியை ஊருக்கு அழைத்துப்போகத் தொடங்கியது. குளிர்காலத்தில் அந்தக் கடலில் இரவு நேரத்தில் கப்பல் ஓட்டவே முடியாது என்று பெரிய கம்பெனிகள் கையை விரித்த காலம் ஒன்று இருந்தது. முடியும் என்று சொன்னவர் ஒரே ஒருவர். அவர் பெயர் ரிச்சர்ட் வித்.

நார்வேயில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பெயர் இது. நமக்குத்தான் புதுசு.

அரியலூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடியாக ஒன்றும் இல்லை. அரியலூரில் இன்று கடலே கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் கடல் இந்தப் பக்கம் வந்துபோனதற்குச் சாட்சியாகச் சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகிக் கிடக்கின்றன. வாரணவாசியில் அதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பழைய கடலின் அடிமண்தான் சுண்ணாம்புக்கல்லாகி, இன்று சிமெண்ட் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிறது.

கடற்பயணத்தோடு இந்த மாவட்டத்துக்கு உள்ள மனிதத் தொடர்பு கங்கைகொண்ட சோழபுரம். அங்கிருந்து ஆண்ட முதலாம் ராஜேந்திரனின் கப்பற்படை 1025 வாக்கில் கடல் தாண்டிக் கடாரம் வரை போனது. அன்றைய கப்பல்கள் எல்லாமே காற்றை நம்பியவை. பருவக்காற்று திரும்பும்வரை கரையில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதுதான் அன்றைய கடலோட்டத்தில் பாதி வேலை.

பல நூற்றாண்டுகள் கழித்து நீராவி இன்ஜின் வந்தபோது காற்றுக்காகக் காத்திருப்பது முடிந்துபோனது. ஆனால் நார்வேயின் வடக்குக் கடற்கரையில் இன்னொன்றுக்காகக் கப்பல்கள் காத்துக்கொண்டே இருந்தன. பகல் வெளிச்சத்துக்காக.

சூரியன் வராத ஊர்கள்

அரியலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரியில் இருக்கிறது. மார்கழியில்கூட நமக்குப் பதினோரு மணி நேரத்துக்கு மேல் பகல் உண்டு. நார்வேயின் ஹம்மர்ஃபெஸ்ட் நகரம் 70 டிகிரியையும் தாண்டி இருக்கிறது. அங்கே நவம்பர் கடைசிப் பகுதியில் மறையும் சூரியன், ஜனவரி கடைசிப் பகுதியில்தான் மறுபடி தலைகாட்டும். நடுவில் இரண்டு மாதம், மதியத்தில் கொஞ்ச நேரம் நீலம் கலந்த மங்கல் வெளிச்சம். மற்றபடி இருட்டு.

இவ்வளவு வடக்கே இருந்தும் அந்தக் கடல் உறைவதில்லை. அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் தெற்கிலிருந்து சூட்டைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அதனால் குளிர்காலத்திலும் தண்ணீர் திறந்தே கிடக்கும், மீனும் கிடைக்கும். லோஃபோட்டன் தீவுகளில் காட் மீன் சீசனே ஜனவரிக்குப் பிறகுதான் களைகட்டும். அதாவது வேலை நடக்கும் காலமும் இருட்டுக் காலமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

கரையோரம் முழுக்க ஆயிரக்கணக்கான தீவுகள், தண்ணீருக்கு ஒரு முழம் கீழே ஒளிந்திருக்கும் பாறைகள், மலைக்குள் நுழையும் குறுகலான கடல் கால்வாய்கள். பகலில் பார்க்க அழகு. இரவில் கப்பல் கேப்டனுக்கு வயிற்றைக் கலக்கும். அந்தக் காலத்தில் ட்ரான்ஹெய்ம் நகரத்துக்கு வடக்கே மொத்தமே 28 கலங்கரை விளக்கங்கள்தான். கடல் வரைபடங்கள் என்று நம்பி எடுக்க இரண்டே இரண்டு.

அதனால் கப்பல்கள் என்ன செய்யும்? இருட்டினால் நங்கூரம் போட்டுவிடும். குளிர்காலத்தில் இருட்டு விடிவதே இல்லை என்றால்? ட்ரான்ஹெய்மில் தபால்பெட்டியில் போட்ட கடிதம் ஹம்மர்ஃபெஸ்ட் போய்ச் சேர, கோடையில் மூன்று வாரம் வரை ஆனது. குளிர்காலத்தில் ஐந்து மாதம் வரை. தீபாவளிக்குப் போட்ட கடிதம் பங்குனி உத்திரத்துக்கு வந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

கடிதம் மட்டும் என்றால்கூட பொறுத்துக்கொள்ளலாம். மீன் விற்றவருக்குப் பெர்கன் சந்தையில் என்ன விலை என்று தெரியாது. டாக்டர் இல்லாத ஊரில் காய்ச்சல் வந்தால் வசந்தம் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். வரி கட்டுவது தலைநகருக்கு, ஆனால் தலைநகர் ஆண்டில் பாதி நாள் எட்டாத தூரத்தில்.

யார் இந்த ரிச்சர்ட் வித்?

1846 செப்டம்பர் 18-ல் ட்ரோம்சோவில் பிறந்தவர். ஆர்க்டிக் வட்டத்துக்கு உள்ளே இருக்கும் துறைமுக நகரம் அது. குளிர்கால இருட்டு அவருக்கு வெளியூர்க்காரர் சொல்லித் தெரிந்த விஷயம் அல்ல, பிறந்ததிலிருந்து பார்த்தது. இளம் வயதிலேயே கடலுக்குப் போனார், கேப்டன் ஆனார்.

1870களில் வெஸ்டரோலன் தீவுக்கூட்டத்தில் ரிசோய்ஹாம்ன் என்ற சின்ன ஊரில் குடியேறி வியாபாரம் செய்யத் தொடங்கினார். இந்த இடம் முக்கியம். கப்பலை ஓட்டுகிறவராக மட்டுமே இருந்திருந்தால், கடலின் ஆபத்துதான் அவர் கண்ணில் பட்டிருக்கும். கடைக்காரராகவும் ஆனதால், கப்பல் வராத நாளில் கரையில் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்தார். பிடித்த ஹெர்ரிங் மீன் குவிந்து கிடக்கும். நம்ம மத்தி மாதிரியான மீன்தான். ஏற்றிக்கொண்டு போகக் கப்பல் இருக்காது. தெற்கே இருந்த பெரிய கம்பெனிகள் தங்களுக்கு வசதிப்பட்டபோது மட்டும் கப்பல் அனுப்பின.

கெஞ்சிப் பார்த்துப் பலனில்லை என்றானபின், உள்ளூர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு 1881 நவம்பரில் ஸ்டோக்மார்க்னஸ் என்ற ஊரில் சொந்தமாக ஒரு நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். பெயர் வெஸ்டரோலன் நீராவிக் கப்பல் நிறுவனம். கையில் இருந்த காசுக்குப் பழைய கப்பல் ஒன்றுதான் வாங்க முடிந்தது.

தீவுக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய சின்னக் கம்பெனி பெரிய முதலைகளுக்கு நடுவில் பிழைக்குமா என்பதே அன்று சந்தேகம். பிழைத்தது.

இரண்டு பேர், ஒரு நோட்டுப்புத்தகம்

இந்தக் கதையில் மிகச் சுவாரசியமான பகுதி இதுதான்.

வித்தும் அவருடைய பைலட் ஆண்டர்ஸ் ஹோல்ட்டேவும் ஒவ்வொரு பயணத்திலும் ஒரு வேலை செய்துகொண்டே வந்தார்கள். கப்பல் உலகத்தில் பைலட் என்றால் அந்தக் கடலின் வழி தெரிந்த மாலுமி. எந்த இடத்தில் திசைகாட்டி எந்த டிகிரியில் இருந்தது, என்ன வேகத்தில் போனோம், அடுத்த திருப்பம்வரை எத்தனை நிமிடம் ஆனது என்று எல்லாவற்றையும் குறித்து வைத்தார்கள். நல்ல பகல் வெளிச்சத்தில், கண்ணால் பார்த்துக்கொண்டே போகும்போது எழுதிய குறிப்புகள் அவை.

எதற்கு? வீட்டில் திடீரென்று கரண்ட் போய்விட்டால் நாம் என்ன செய்கிறோம்? கட்டிலிலிருந்து நாலு எட்டு, வலது பக்கம் திரும்பினால் அலமாரி, அதில் தீப்பெட்டி. கண் தெரியாவிட்டாலும் காலுக்குக் கணக்குத் தெரியும். அதையேதான் இவர்கள் கடலில் செய்தார்கள்.

கப்பல் மணிக்கு 10 நாட்டிகல் மைல் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாட்டிகல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். ஆறு நிமிடத்தில் சரியாக ஒரு நாட்டிகல் மைல் கடந்துவிடும். இந்தத் திசையில் 18 நிமிடம் போ, பிறகு இத்தனை டிகிரி திரும்பு, மறுபடி 7 நிமிடம் என்று நோட்டில் இருந்தால், வெளியே ஒன்றுமே தெரியாவிட்டாலும் கப்பலை ஓட்டலாம். கடிகாரம், திசைகாட்டி, நோட்டு. மூன்றும் போதும்.

கேட்க எளிது. நடுவில் நீரோட்டம் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும். எதிர்க்காற்று வேகத்தைக் குறைக்கும். நிமிடக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் பாறை. அதனால் ஒரே வழியில் பலமுறை, பலவிதமான காற்றில் போய், குறிப்புகளைத் திருத்திக்கொண்டே வந்தார்கள். வருடக்கணக்கில் நடந்த வேலை அது.

பெரிய கம்பெனிகள் ஏன் ஒதுங்கின?

1891-ல் நார்வே அரசின் கப்பல் போக்குவரத்து ஆலோசகர் ஆகஸ்ட் கிரான் ஒரு யோசனை சொன்னார். ட்ரான்ஹெய்மிலிருந்து ஹம்மர்ஃபெஸ்ட் வரை, கோடை குளிர்காலம் என்று பார்க்காமல், நேர அட்டவணைப்படி ஓடும் விரைவுக் கப்பல் சேவை வேண்டும் என்பதே அது. அரசு மானியம் தரவும் தயார்.

நாட்டின் இரண்டு பெரிய கப்பல் கம்பெனிகளிடம் கேட்டார்கள். இரண்டும் முடியாது என்றன. குளிர்கால இருட்டில், புயலில், அந்த வரைபடங்களை வைத்துக்கொண்டு, மணிப்படி கப்பல் ஓட்டுவது நடக்காத காரியம் என்பது அவர்கள் கணிப்பு.

அவர்களைக் கோழைகள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் அது நியாயம் இல்லை என்றே தோன்றுகிறது. இருட்டில், மோசமான வானிலையில் அட்டவணைப்படி வண்டி ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்று அரியலூருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1956 நவம்பர் 23 விடியற்காலை, மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். வழி தெரிந்த பாதைதான், தினமும் ஓடிய ரயில்தான். அந்த ஒரு இரவு மட்டும் முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. முடியாது என்று சொன்ன கம்பெனிகளுக்கும் பயணிகளின் உயிர் கணக்கில் இருந்திருக்கும்.

வித் ஒத்துக்கொண்டார். அவரிடம் நோட்டு இருந்தது, மற்றவர்களிடம் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

1893 மே 18-ல் அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. நான்கு வருடத்துக்கு, வாரம் ஒருமுறை. கோடையில் ட்ரான்ஹெய்ம் முதல் ஹம்மர்ஃபெஸ்ட் வரை, குளிர்காலத்தில் ட்ரோம்சோ வரை. சேவைக்குப் பெயர் ஹுர்டிக்ருட்டன். விரைவுத் தடம் என்று பொருள். நம்ம மொழியில் எக்ஸ்பிரஸ் சர்வீஸ்.

67 மணி நேரம்

1893 ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை காலை. வெஸ்டரோலன் என்ற கப்பல் ட்ரான்ஹெய்ம் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. தீவுக்கூட்டத்தின் பெயரையே கப்பலுக்கும் வைத்திருந்தார்கள். வித் தானே கேப்டனாக நின்றார்.

ரோர்விக், போடோ, ஸ்வோல்வார், ஹார்ஸ்டாட், ட்ரோம்சோ என்று வழியில் ஒன்பது இடங்களில் நின்றது. ஸ்வோல்வாருக்குச் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே வந்துவிட்டதாம். கரையெல்லாம் கூட்டம். ஜூலை 5 புதன்கிழமை விடிகாலையில் ஹம்மர்ஃபெஸ்ட். மொத்தம் 67 மணி நேரம். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போன கடிதம் இனி சில நாட்களில் போகும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜூலையில் அங்கே இரவே கிடையாது. நள்ளிரவிலும் வெளிச்சம். அந்த முதல் பயணத்தைப் பெரிய கம்பெனிகளும் செய்திருக்க முடியும். நோட்டுக்குப் பரீட்சை வந்தது இலையுதிர் காலத்தில், வெளிச்சம் ஒவ்வொரு நாளும் நிமிடக் கணக்கில் குறைய ஆரம்பித்த பிறகு. அந்தப் பரீட்சைக்குக் கூட்டமும் இல்லை, கைதட்டலும் இல்லை. கப்பல் வாராவாரம் வந்தது. அதுவே செய்தி.

அது நடக்கிறது என்று தெரிந்ததும், முடியாது என்று சொன்ன இரண்டு கம்பெனிகளும் அடுத்த வருடமே, 1894-ல், அதே வழியில் கப்பல் விட வந்து நின்றன. வழி திறந்தவருக்கு ஒரு வருடம்தான் தனி ராஜ்ஜியம். 1898-ல் சேவை தெற்கே பெர்கன் வரை நீண்டது. பிறகு வடகிழக்கில் ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்கெனஸ் வரை. 1936-ல் தினமும் ஒரு கப்பல் என்றானது. அதைப் பார்க்க வித் உயிரோடு இல்லை.

சரி, அந்த ஒளி?

இருட்டில் கப்பலை ஓட்டிய ஆட்கள் தலைக்கு மேல் பச்சையாக ஆடியதைப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? வருடா வருடம் பார்த்திருப்பார்கள். ட்ரோம்சோ, ஹம்மர்ஃபெஸ்ட் எல்லாம் வடதுருவ ஒளி அதிகம் தோன்றும் வளையத்துக்கு நேர் கீழே இருக்கும் ஊர்கள்.

அந்த ஒளி எப்படி வருகிறது? சூரியனிலிருந்து மின்னேற்றம் கொண்ட துகள்கள் எப்போதும் வீசிக்கொண்டே இருக்கின்றன. பூமியின் காந்தப்புலம் அவற்றில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அந்தக் காந்தப்புலத்தில் சிக்கி முடுக்கிவிடப்பட்ட துகள்கள் துருவப் பக்கமாக இறங்கி, மேல் வளிமண்டலத்தில் உள்ள வாயுக்களில் மோதும். சுமார் 100 கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜனில் மோதினால் பச்சை. 200 கிலோமீட்டரையும் தாண்டிய உயரத்தில் அதே ஆக்சிஜன் சிவப்பாக ஒளிரும். நைட்ரஜன் நீலமும் ஊதாவும் தரும்.

இதற்கும் சூரியனுக்கும் உள்ள தொடர்பை ஆய்வகத்தில் செய்து காட்டியவரும் ஒரு நார்வேக்காரர்தான், கிறிஸ்டியன் பிர்க்லாண்ட். வித்தின் கப்பல்கள் ஓடத் தொடங்கிய அதே 1890களில்தான் அவர் ஆராய்ச்சி சூடுபிடித்தது. 1899-ல் ஆல்ட்டா அருகே ஹால்டே மலை உச்சியில் வடதுருவ ஒளிக்கென ஆய்வு நிலையம் அமைத்தார். ஹம்மர்ஃபெஸ்டிலிருந்து அது ரொம்ப தூரம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வடதுருவ ஒளி பலமாக ஆடும்போது காந்த ஊசியும் ஆடும். சுவீடனில் 1741-லேயே இதைக் கவனித்துவிட்டார்கள். சாதாரண நாளில் அசைவு மிகச் சிறியது. பெரிய காந்தப்புயல் வந்தால், அவ்வளவு வடக்கே ஊசி சில டிகிரிகூட விலகலாம். இன்று சுற்றுலாப் பயணி எந்த ஒளியைப் பார்க்கக் காசு கட்டுகிறாரோ, அந்த ஒளி உக்கிரமாக ஆடும் இரவுதான் திசைகாட்டியை நம்பி ஓட்டும் கேப்டனுக்குத் தொந்தரவான இரவு.

வித் காலத்தில் வடக்கே சுற்றுலா வந்தவர்கள் கோடையில் வந்தார்கள், நள்ளிரவுச் சூரியனைப் பார்க்க. வித் அதையும் விட்டுவைக்கவில்லை. 1896-ல் ஹம்மர்ஃபெஸ்டிலிருந்து ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு, அதாவது வடதுருவத்துக்கு இன்னும் பக்கத்தில், வாராந்திரக் கோடைச் சுற்றுலாக் கப்பல் விட்டார். அங்கே சின்னதாக ஒரு ஹோட்டலும் கட்டினார்கள். பனிக்கடல் பயணத்தில் பெயர்பெற்ற ஓட்டோ ஸ்வெர்ட்ரூப் கேப்டனாக இருந்தும், அந்தத் திட்டம் ரொம்ப நாள் நிற்கவில்லை. குளிர்கால இருட்டையே காசு கொடுத்துப் பார்க்க மக்கள் வருவார்கள் என்று மட்டும் அன்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த மோகம் கடந்த சில பத்தாண்டுகளில் வந்தது.

ரிசோய்ஹாம்ன் கால்வாய்

ஊரெல்லாம் கப்பல் விட்டவருடைய சொந்த ஊருக்கு ஒரு குறை இருந்தது. ரிசோய்ஹாம்ன் பக்கத்துக் கடல் ரொம்ப ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் அந்த வழியே போக முடியாது. மணலைத் தோண்டி ஆழமாக்குங்கள் என்று வித் கப்பல் கம்பெனி தொடங்கும் காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். நார்வே சுவீடனோடு இருந்த கூட்டு முடிந்து 1905-ல் தனி ராஜ்ஜியமாகிவிட்டது. கால்வாய் மட்டும் வரவில்லை.

கடைசியில் 1922-ல் வேலை முடிந்து, மன்னர் ஏழாம் ஹாகோன் நேரில் வந்து திறந்துவைத்தார். வித்துக்கு அப்போது வயது 75-ஐத் தாண்டியிருந்தது. நாட்டின் விரைவுத் தடத்தை ஒரு வருடத்துக்குள் நடத்திக்காட்டியவருக்குத் தன் ஊர்க் கால்வாய்க்குப் பாதி ஆயுள் பிடித்தது. அரசு அலுவலகங்களில் மனு கொடுத்துக் காத்திருக்கும் நம்ம ஆட்களுக்கு இது ஒன்றும் புதுக்கதை இல்லை.

1930 பிப்ரவரி 9-ல் வித் இறந்தார். அந்த வட கடற்கரையில் சூரியன் திரும்பி வந்திருக்கும் மாதம்.

அதன் பிறகு?

அவர் முதன்முதலில் ஓட்டிய வெஸ்டரோலன் கப்பல் இரண்டாம் உலகப் போரில் போனது. 1941 அக்டோபர் 17 அன்று சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் வீசிய டார்பிடோ தாக்கி மூழ்கியது. சுமார் 60 பேர் இறந்தார்கள். போர்க்காலத்திலும் அந்தக் கடற்கரை மக்களுக்கு வேறு போக்குவரத்து இல்லை, அதனால் கப்பல்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

நேர அட்டவணையும் திசைக் கணக்கும் எவ்வளவு நுட்பமான விஷயம் என்பதை 1962 அக்டோபர் 21 மறுபடி காட்டியது. சாங்க்ட் ஸ்வித்துன் என்ற ஹுர்டிக்ருட்டன் கப்பல் இரவில் வழக்கமான திசையை விட்டுவிட்டுத் திறந்த கடல் பக்கம் போய், பாறையில் மோதி மூழ்கியது. 41 பேர் உயிரிழந்தனர். அப்போது ரேடார் வந்துவிட்டது, கலங்கரை விளக்கங்களும் பெருகிவிட்டன. ஆனாலும் ஏன் அந்தத் தவறான திசையில் கப்பல் போனது என்பதற்குக் கடைசிவரை தெளிவான விடை இல்லை. வித்தும் ஹோல்ட்டேவும் வெறும் நோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதன் எடை அப்போதுதான் புரிகிறது.

இன்று போனால் என்ன பார்க்கலாம்?

சாலைகளும் விமானங்களும் வந்துவிட்டதால், அந்தக் கப்பலை மட்டுமே நம்பியிருந்த காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் பெர்கன் முதல் கிர்கெனஸ் வரை 34 துறைமுகங்களில் நின்று போகும் சேவை இன்றும் ஓடுகிறது. 2021 முதல் ஹுர்டிக்ருட்டன், ஹவிலா என்ற இரண்டு நிறுவனங்கள் பகிர்ந்து நடத்துகின்றன. அரசு இன்றும் பணம் தருகிறது. போய்த் திரும்ப 12 நாள்.

நம்ம ஊர் ஆட்கள் இதைச் சொகுசுக் கப்பல் என்று நினைத்துக்கொண்டு போனால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். இது பாதி பயணிகள் கப்பல், பாதி பார்சல் சர்வீஸ். சில ஊர்களில் கால் மணி நேரம்தான் நிற்கும். நடுராத்திரியில் சரக்கு இறக்குவார்கள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கோ உறவினர் வீட்டுக்கோ போகிற உள்ளூர்க்காரர் ஒரு பையோடு ஏறி இரண்டு துறைமுகம் தள்ளி இறங்கிவிடுவார்.

ஒளி தெரியுமா? செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரைதான் வாய்ப்பு. அதிலும் வானம் மேகமில்லாமல் இருக்க வேண்டும், சூரியனும் ஒத்துழைக்க வேண்டும். ஒளி தோன்றினால் கப்பலில் அறிவிப்பு செய்வார்கள், தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டியதுதான். 12 நாளில் ஒருமுறைகூட ஒளி வரவில்லை என்றால் இன்னொரு பயணம் இலவசம் என்று ஹுர்டிக்ருட்டன் வாக்குறுதியே தருகிறது. அதற்கு நிபந்தனைகள் உண்டு, படித்துவிட்டுப் பணம் கட்டவும். இன்னொன்று, வீடியோவில் தெரியும் அளவுக்குப் பச்சை எப்போதும் கண்ணுக்குத் தெரியாது. ஒளி மங்கலாக இருந்தால் வெளிறிய மேகம் மாதிரிதான் இருக்கும். போன் கேமராவின் நைட் மோடு அதிக நேரம் வெளிச்சத்தைச் சேமிப்பதால் நிறம் கூடுதலாக வரும்.

நார்வே வரை போக வழியில்லாதவர்களுக்கு ஒரு தகவல். 2024 மே 10, 11 இரவுகளில் வந்த பெரிய சூரியப் புயலின்போது லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவப்பாக ஒளிர்ந்தது. அதெல்லாம் அபூர்வம். அரியலூரில் இருந்துகொண்டு பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

ஸ்டோக்மார்க்னஸில் இப்போது ஹுர்டிக்ருட்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. 1956-ல் கட்டிய ஃபின்மார்க்கன் என்ற கப்பலையே முழுசாகக் கரையேற்றி வைத்திருக்கிறார்கள். சேவையின் நூற்றாண்டான 1993-ல் புதிதாக வந்த கப்பல் ஒன்றுக்கு ரிச்சர்ட் வித் என்றே பெயர் வைத்தார்கள். அது இன்றும் அதே வழியில் ஓடுகிறது. வடக்கே போகும்போது, தோண்டுங்கள் என்று அவர் மனு கொடுத்துக்கொண்டிருந்த அந்தக் கால்வாய் ஓரம், ரிசோய்ஹாம்னில், விடிவதற்கு முன்னால் சில நிமிடங்கள் நிற்கும். ராத்திரி முழுக்க ஒளிக்காக விழித்திருந்த பயணிகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.